ஆணியில் தொங்கிய உத்தரியம்

வெள்ளைக்காரர் காலம். கொட்டாஞ்சேனைக் கடைசல் பட்டறைக்குத் தொட்டில் கால் வாங்கப் போனேன். பட்டறைக்காரர் ஒல்லியான கத்தோலிக்கர். காலால் சக்கரத்தை மிதித்துக் கட்டையைச் சுழற்றுமுன், மாதா படம் தைத்த துணித்துண்டைக் கயிற்றில் கோத்த உத்தரியத்தைக் கழுத்திலிருந்து கழற்றி, முத்தமிட்டு ஆணியில் மாட்டினார்.

"கழற்றலாமோ?" மெல்லக் கேட்டேன்.

"கயிறு சுத்தினா கழுத்தும் போயிடும், தங்கச்சி. மாதா ஆணியில இருந்து பார்ப்பா."

அவர் கட்டை கடைவதைப் பார்க்கும் ஆசையில் குனிந்தேன். பின்னல் முன்னே சரிந்தது. சுழலும் கட்டை ரிப்பனைப் பற்றி என் தலையை இழுத்தது. அவர் உளியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் சக்கரத்தை அழுத்திப் பிடித்தார். ரிப்பன் அறுந்தது.

"கொண்டை போட்டிட்டு வரேலாதோ?"

என்று கத்தினார். உத்தரியத்தை எடுத்து என் கையில் திணித்தார். நான் சைவப்பிள்ளை. வேண்டாமென்று சொல்லத் துணியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதன் பிறகு எதைக் கழற்றி ஆணியில் மாட்டினாரோ!