மூச்சில் சொன்ன ஆமாம்

மென்பெரெ எத்தியோப்பியாவிலிருந்து சியாட்டிலுக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. இன்று அவளுக்கு அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல். அதில் தேறினால்தான் சொந்த ஊரான கோண்டாரில் தனியாக இருக்கும் அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ள முடியும்.

"உண்மையை மட்டுமே சொல்வேன்னு சத்தியம் பண்றீங்களா?" என்று கேட்டாள் அதிகாரி.

வலது கையை உயர்த்திய மென்பெரெ, பதற்றத்தில் 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

அதிகாரி துள்ளி எழுந்தாள். "ஐயோ, நெஞ்சு வலிக்குதா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"இல்லைங்க மேடம்! எங்க ஊர்ல 'ஆமா'ன்னு சொல்ல இப்படித்தான் மூச்சை இழுப்போம். பழக்கதோஷம்!"

"நல்ல ஆமா போங்க! எனக்குல்ல உயிரே போயிடுச்சு!"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மென்பெரெயின் பயம் கரைந்துபோனது. சட்டம் இயற்றுவது யார், கொடியில் ஏன் ஐம்பது நட்சத்திரங்கள் என்று கேட்டதற்கெல்லாம் பதில் தங்குதடையின்றி வந்தது.

"தேறிட்டீங்க" என்று கை குலுக்கினாள் அதிகாரி.

வெளியே வந்த கையோடு மென்பெரெ அம்மாவை போனில் அழைத்தாள்.

"பாஸாயிட்டேன்மா! இனிமே உன்னைக் கூப்பிட்டுக்கலாம். என்கூட வந்து இருப்பியா?"

மறுமுனையில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மென்பெரெயின் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.