உறைக்குள் துரு இல்லை

பாரிஸில் ஸ்டாலின்கிராட் மெட்ரோப் படிகளில் இறங்கும்போது தொலைபேசி வந்தது. பரராசண்ணை போய்விட்டார். இனி லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அவர் நல்லவராகிவிடுவார். அவரைக் கல்நெஞ்சன் என்றவர்களும் மலர்வளையத்தோடு வருவார்கள். வரட்டும். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதையும் நினைத்துக்கொண்டு வரட்டும்.

ஞாயிறுகளில் பழம்பொருள் சந்தையில் அவர் பழைய இராணுவக் கத்திகள் விற்றார். பக்கத்து மேசையில் நான் பழைய கைக்கடிகாரங்கள் விற்றேன். யாராவது போலிக் கத்தியை அவர் தலையில் கட்டப் பார்த்தால், கத்தியை உருவி ஓரமாக வைத்துவிட்டு வெறும் உறைக்குள் டோர்ச் அடிப்பார். "பொய் செய்யிறவன் கத்தியிலதான் மினைக்கெடுவான். உறையை மறந்துபோவான்" என்பார்.

செல்வமலர் அக்காவின் மகன் 2009இல் வன்னியில் காணாமற்போனவன். இராணுவம் அவனை பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். சில வருடங்கள் கழித்து, ஊருக்குப் போய்வந்த ஒருவர் துருப்பிடித்த கத்தியொன்றை உறையோடு கொண்டுவந்து கொடுத்தார். மகனின் பெயர் பொறித்திருந்தது. எலும்புகளோடு மண்ணுக்குள் கிடந்ததாம். உறவினர்கள் அந்திரட்டிக் காரியத்துக்கு நாளும் வைத்துவிட்டார்கள். அக்கா மட்டும் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு புறநகர் திரான்சியிலிருந்து சந்தைக்கு வந்தார். கூடவே அவருடைய தம்பியும் வந்தார்.

"அண்ணை, ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. அக்கா அழுது முடிக்கட்டும்" என்றார் தம்பி மெதுவாக.

பரராசண்ணை உறைக்குள் நெடுநேரம் பார்த்தார். "இஞ்சை துருக்கறையே இல்லைத் தங்கச்சி. கத்தியோட மண்ணுக்குள்ள கிடந்த உறையெண்டா ஊறியிருக்கும். பேரையும் பாருங்கோ. அலகெல்லாம் துரு, எழுத்து வெட்டினது மட்டும் பளபளக்குது. துருப்பிடிச்ச பிறகுதான் வெட்டியிருக்கினம். இது உங்கட பிள்ளையின்ர இல்லை."

"அப்ப அவன் இருக்கிறானோ அண்ணை?"

"அது எனக்குத் தெரியாது. அவன் செத்ததுக்கு இது சாட்சி இல்லை."

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவவை நிம்மதியா இருக்க விடமாட்டியளோ?"

"பொய்க் கத்தியை நம்பி ஒரு பிள்ளைக்குக் காரியம் செய்ய நான் ஓம் சொல்லமாட்டன். அவனை பஸ்ஸில ஏத்தினவங்களுக்குத்தான் அது நிம்மதி."

அந்திரட்டி நடக்கவில்லை. ஒரு தாயைப் பைத்தியமாக்கிவிட்டார் என்று பலர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒவ்வொரு மே மாதமும், போர் முடிந்த நினைவுநாளில், மண்டபத்துக்குள் இறந்தவர்களின் படங்களுக்கு மாலை போடுவோம். அக்கா தன் மகனின் படத்தை உள்ளே வைக்கமாட்டார். 'என் மகன் எங்கே' என்று பிரெஞ்சில் எழுதிய நீள அட்டையைப் பிடித்தபடி வாசலில் நிற்பார். மறுமுனையைப் பரராசண்ணை பிடித்திருப்பார். உள்ளே வந்து நிற்கச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார்கள். "உள்ளுக்கு நிக்கிறது செத்தவையின்ர ஆக்கள். நாங்கள் கேள்வி கேக்க வந்தனாங்கள்" என்றார் பரராசண்ணை. எனக்கு அன்று அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

செத்தவீட்டில் அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "இனி மற்றப் பக்கத்தை ஆர் பிடிக்கிறது?"

நான் பிடிப்பேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வாசலில் அந்த இடத்தைத்தான். வருகிற மே மாதம் மாலையோடு வருகிறவர்கள் எங்கள் இருவரையும் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.