நூற்றிருபது துடிப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கையின் ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராகச் சேர்ந்தேன். மருந்தறை இருந்தது மலை உச்சியில்; தொழிலாளர் குடியிருந்த லயங்கள் அடிவாரத்தில். முதல் நாளே, அட்டைக்கடிக்கு மருந்து கேட்டு வந்த கொழுந்து பறிக்கும் மீனாட்சியின் நாடியைப் பிடித்தேன். நிமிடத்துக்கு நூற்றிருபது! நான் படித்ததோ எழுபத்திரண்டு.

“இருதயக் கோளாறும்மா. இனிமே நீங்க வேலைக்குப் போகக்கூடாது” என்று சீட்டு எழுதினேன்.

மீனாட்சி சிரித்துவிட்டார். “லயத்துலேருந்து அம்புட்டுப் படியும் ஏறி வந்திருக்கேங்க ஐயா. நீங்க ஒருக்கா எறங்கி ஏறிட்டு, ஒங்க கையப் புடிச்சுப் பாருங்க.”

ரோஷத்தோடு இறங்கி ஏறினேன். மூச்சு வாங்க எண்ணினால், எனக்கு நூற்றைம்பது! அதற்குள் அவருடையது எண்பதுக்கு இறங்கியிருந்தது.

“ஐயாவுக்கும் ஒரு சீட்டு எழுதிக்கிருங்க” என்றார்.

சீட்டைக் கிழித்தேன். மறுநாளே வாசலில் ஒரு பெஞ்சு போட்டேன். பிறகு ஒருவரையும் உட்கார வைக்காமல் நான் நாடி பார்த்ததில்லை.