பச்சை நூல்

மகாதேவி பண்டத்தரிப்பில் பழைய உடுப்புத் தைத்துப் பிழைப்பவள். கிழிந்ததைக் கொண்டுவருவார்கள், ஒட்டுப்போட்டுக் கொடுப்பாள். புதுச்சட்டை தைக்கக் கேட்டால் டவுனுக்குப் போகச் சொல்லிவிடுவாள்.

தொண்ணூறுகளின் நடுவில், போரும் பொருளாதாரத் தடையுமான காலத்தில், கொலர் தேய்ந்த ஆண்களின் சேட்டு எதையும் யாரும் எறியவில்லை. கொலரைப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்தார்கள். வெள்ளை நூல் கடைகளில் இல்லை. மகாதேவியிடம் இருந்தது ஒரு பெரிய பச்சை நூல்கட்டை. கணவன் சீவரத்தினத்தின் வெள்ளைச் சேட்டுக் கொலரையும் அதால்தான் திருப்பித் தைத்தாள்.

"என்னைக் கிளியாக்கிப் போட்டாய்" என்று கழுத்தைத் தடவிச் சிரித்தான்.

அந்தச் சேட்டோடு மண்ணெண்ணெய் வாங்கச் சங்கக்கடைக்குப் போனவன் இராணுவத்தின் சுற்றிவளைப்பில் பிடிபட்டான், பிறகு திரும்பி வரவில்லை. சைக்கிள் வேலியோரம் கிடந்தது. போத்தல் உடையவில்லை.

மகன் கோபிசங்கர் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். நூல்கட்டை முடியும்வரை அவனுடைய பள்ளிக்கூடச் சேட்டுகளிலும் பச்சைத் தையல்தான். பெடியள் அவனையும் கிளி என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போவார்கள். கோபிசங்கர் வளர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"இந்த முறையாவது நான் விரதம் பிடிக்கட்டோ அம்மா?"

"உயிரோட இருக்கிற மனிசனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கப் போறியோ? வாயைக் கழுவு."

அமாவாசையன்றைக்கு அவள் வேண்டுமென்றே மீன் சமைப்பாள். சுற்றுவட்டம் முழுக்க மரக்கறி. இவள் வீட்டுக் குழம்பின் வாசம் வேலி தாண்டிப் போகும். நெற்றிப் பொட்டும் அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

போன வருடம் காணாமற்போனவர்களின் வீட்டுப் பெண்களுக்கு ஒரு நிறுவனம் மனதை ஆற்றும் வகுப்பு நடத்தியது. ஆரபி என்ற இளம்பெண் வந்து, ஆளுக்கொரு பிளம்ஸை, பாயாசத்துக்குப் போடும் அந்தக் காய்ந்த திராட்சையை, உள்ளங்கையில் வைத்தாள்.

"பாருங்கோ அம்மா. பேர் வைக்காதேங்கோ. நல்லது, கெட்டது எண்டும் சொல்லாதேங்கோ. சும்மா பாருங்கோ."

"நான் விழுங்கிப்போட்டன் பிள்ளை, இனி எதைப் பாக்கிறது?" என்றாள் பக்கத்தில் இருந்த அருந்ததி.

"உவ பாயாசம் வருமெண்டு வந்திருக்கிறா" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

மகாதேவி சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு. சுருக்கம். காம்பு இருந்த இடம். வழக்கமாக எதைப் பார்த்தாலும் பின்னால் வரும் சீவரத்தினத்தின் நினைவு வரவில்லை. வீட்டுக்குப் போய் அவனுடைய சைக்கிளைப் பார்த்தாள். இரும்பு. துரு. நோகவில்லை. அடுத்த வகுப்பில் ஆரபி அவளை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினாள்.

இந்த வருடம் ஆனியில் அழைப்பு வந்தது. மனிதப் புதைகுழி ஒன்றில் எடுத்த உடுப்புகளை மேசைகளில் பரப்பியிருந்தார்கள். தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லலாம். கோபிசங்கர் கூட வந்தான். ஆரபியும் துணைக்கு வந்தாள்.

கடைசி மேசையில் மண்நிறத்தில் ஒரு துணி. உடல் பகுதி இற்றுப்போயிருந்தது, கொலர் இருந்தது. மகாதேவி குனிந்து பார்த்தாள். மடிப்பு. நூல். பச்சை. நெருக்கமான தையல், ஓரிடத்தில் சரிந்து மறுபடி நேராகியிருந்தது. மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது.

"ஏதும் தெரியுதோ அம்மா?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

கோபிசங்கர் கொலரைப் பார்த்தான். பிறகு அவளை.

"இல்லை" என்றாள்.

"அம்மா, நூலைப் பாருங்கோ."

"அந்த நாளில எல்லார் வீட்டிலையும் உந்த நூல்தான்."

உத்தியோகத்தர் அவனிடம் திரும்பினார். "தம்பிக்கு ஏதும் தெரியுமோ?"

"தைச்ச ஆளுக்குத்தானே ஐயா தெரியும்" என்றான்.

வெளியே ஆரபி மகாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நிதானமா நிண்டீங்கள்! காலமை ஒரு அம்மா விழுந்திட்டா."

"நீ சொல்லித் தந்ததுதானே பிள்ளை."

ஆடி அமாவாசை வந்தது. இந்த முறை கோபிசங்கர் கேட்கவில்லை. அவள் எழும்பும்போது அவனும் இல்லை, மோட்டச்சைக்கிளும் இல்லை. மகாதேவி பொட்டு வைத்துக்கொண்டு மீன் வாங்கப் போனாள்.

மத்தியானம் வந்தான். தலை ஈரமாக இருந்தது. நெற்றியில் திருநீறு. மணிக்கட்டில் ஒரு எள் ஒட்டியிருந்தது. பையிலிருந்து ஈரவேட்டியை எடுத்துக் கொடியில் விரித்தான்.

மகாதேவி எல்லாவற்றையும் பார்த்தாள்.

"மழையோ வெளியில?"

முற்றம் வெயிலில் வெடித்துக் கிடந்தது. கோபிசங்கர் வேட்டியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"ஓம் அம்மா. மழைதான்."

"தலையைத் துவட்டு" என்று சொல்லிவிட்டு, அவனுக்குச் சோறு போட்டு மீன்குழம்பை ஊற்றினாள்.

அவன் தட்டுக்கு முன்னால் இருந்தான். தொடவில்லை. குழம்பில் ஆடை படிந்தது. அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.