நான் அனுப்பிய பழைய போட்டோ

திருச்சி கே.கே. நகரில், வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் ஒன்றரை வயது மகனைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். மதியம் அவன் சாப்பிடுவதைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

ஒருநாள் அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எனக்குக் கெட்ட பெயர் வருமே என்று பயந்து, பழைய படம் ஒன்றை அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. டாக்டரிடம் நானும் கூடப் போனேன்.

"மதியம் சாப்பிட்டானா?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா சாப்பிட்டான் டாக்டர். அக்கா போட்டோ அனுப்பிச்சாங்களே" என்றார் அவன் அம்மா.

"இல்லைங்க, அது பழைய போட்டோ" என்றேன்.

அவன் அம்மா திட்டவில்லை. என் மடியில் இருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார்.

அவன் தேறிவிட்டான், என்னையும் அவர் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் அவன் சாப்பிடாத நாளில், சோறு அப்படியே இருக்கும் கிண்ணத்தைத்தான் படம் எடுத்து அனுப்புகிறேன்.