பனங்கழுத்து வரை மணல்

வீடு கட்ட லாரி கொட்டிப்போன தேரிச் செம்மணலில் இன்று தூறல் விழுந்ததும், தூத்துக்குடித் தெருவில் நின்றிருந்த எனக்கு அந்தப் பள்ளத்தின் வாசனை வந்துவிட்டது. சின்ன வயதில் பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயிலுக்குத் தேரிக்காடு வழியாகத்தான் நடப்போம். சுடுமணலில் துண்டை விரித்து, அதன்மேல் நின்று கால் ஆற்றி, மறுபடி நடந்தால், சிவந்த மேடுகளுக்கு நடுவே ஒற்றைப் பனை நிற்கும் பள்ளம் வரும்; அதன் அடியில் அம்மா கையால் தோண்டினால், கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், நல்ல தண்ணீர் ஊறும்.

சில வருடங்கள் போகாமல் இருந்துவிட்டுப் போனபோது பள்ளத்தைக் காணவில்லை. நெட்டைப் பனையைத் தேடி மேடு மேடாக ஏறி இறங்கிய அப்பா, நா வறண்டு, "பள்ளத்த எவனும் தூக்கிட்டா போவான்? இங்கனதான் கெடக்கும்" என்றார்.

மணலிலிருந்து புதர் போல் நீட்டிக்கொண்டிருந்த ஓலைகளின் நிழலில் உட்கார்ந்த அம்மா சிரித்தாள். "நீங்க தேடுத பனை இதுதான். ஆடிக்காத்து பள்ளத்தையே மூடிட்டு. நாம அது கழுத்துல நிக்கோம்."

அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்த நுங்குக் குலையை உட்கார்ந்தபடியே தொட்டேன். அம்மா ஒரு காயைச் சீவித் தந்தாள். உள்ளே அதே தண்ணீர்.