பருப்பு மூட்டை மேல் ஒரு கேமரா

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நடந்தது இது. அந்த நாளில் அங்கே போனவர்களுக்குத் தெரியும், நாம் நடக்கவே வேண்டாம், கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில் ஆளே இல்லாத தெருவைப் படம் எடுக்கப் போனவள் நான். என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீடு ஆங் மோ கியோ, வேலை தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில். வாரம் முழுக்க சரக்குப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வார இறுதியில் வானமும் தண்ணீரும் பார்க்கத் தோன்றுவது நியாயம்தானே? நிலக்காட்சிப் படம் எடுக்கும் பைத்தியம் அப்படித்தான் பிடித்தது. மற்ற பெண்கள் நகைக்கடைக் கண்ணாடி முன்னால் நிற்பார்கள், நான் கேமராக் கடைக் கண்ணாடி முன்னால் நிற்பேன்.

என்ன கேமரா வாங்கலாம் என்று யாராவது கேட்டால், முதலில் நல்ல முக்காலி வாங்குங்கள் என்பேன். கேட்டவர் முகம் வாடிவிடும். ஆனால் உண்மை அதுதான். காட்சி எங்கேயும் ஓடப்போவதில்லை, நம் கைதான் ஆடும். முக்காலியிலும் நான் கார்பன் ஃபைபர்தான் வாங்கினேன், எடை குறைவு என்று. தூக்குவது உன் கணவர்தானே, உனக்கு என்ன கவலை என்று கேட்காதீர்கள். தூக்குகிறவர் புலம்புவதை வழியெல்லாம் கேட்க வேண்டியவள் நான். அடுத்தது, பரந்த காட்சியை அள்ளிக்கொள்ளும் ஓர் அகன்ற லென்ஸ். பிறகு நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, ஈரத்தை உறிஞ்சிவிடும் டிரை கேபினட் அலமாரி. எங்கள் வீட்டில் அரிசிக்கு வண்டு வந்தாலும் வரும், என் லென்ஸுக்கு ஒன்றும் வராது.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. என் படத்தில் மனிதர்கள் வரக் கூடாது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு இப்படி ஆசைப்படுவது கொஞ்சம் அதிகம்தான். புக்கிட் பாத்தோக்கில் கருங்கல் பாறையும் குளமுமாக ஓர் அழகான இடம் இருக்கிறது. அங்கே விடியற்காலையில், உடற்பயிற்சி செய்ய வந்த பெரியவர்கள் கலையும் வரைக்கும் காத்திருந்து காத்திருந்து, பனியும் போய் வெளிச்சமும் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

அந்தக் கடுப்பில்தான் ஒரு ஃபில்டர் வாங்கினேன். லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுகிற மாதிரி. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும் என்பதால் கேமரா அரை நிமிடம் கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடமும் அசையாமல் இருப்பதுதான் படத்தில் விழும். கட்டடம் விழும், விளக்கு விழும். நடந்து போகிறவர்கள் ஓர் இடத்திலும் நிற்காததால் பதியவே மாட்டார்கள். ஆயிரம் பேர் நடந்தாலும் படத்தில் தெரு காலி. இதைச் சோதித்துப் பார்க்க, தீபாவளி நேரத்து லிட்டில் இந்தியாவைவிடப் பொருத்தமான இடம் எது?

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எடுப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள், பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாக. தலைக்கு மேல் தீபாவளி அலங்கார விளக்குகள். சூரியன் இறங்கிய பிறகு வானம் ஒரு நீலத்துக்கு வரும், அந்த நேரத்தில் எடுத்தால்தான் விளக்கும் தெரியும், வானமும் தெரியும். ஆனால் நம் ஊரில் அந்த நீலம் கால் மணி நேரம்கூட நிற்காது. அதனால் முன்கூட்டியே போய், ஒரு மளிகைக் கடையின் முன்னால் அஞ்சடி அகல நடைபாதை ஓரத்தில் இடம் பிடித்தோம். கணவர் முக்காலியை விரித்தார். நான் கேமராவை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது.

கேமராவை முக்காலியில் மாட்டுவதற்கு அடியில் ஒரு சின்ன உலோகத் தகடு உண்டு. அது இல்லாவிட்டால் முக்காலி வெறும் மூன்று கம்பு. முந்தின நாள் பழைய கேமராவைத் துடைத்து வைத்தபோது தகடும் அதோடு சேர்ந்து டிரை கேபினட்டுக்குள் போயிருக்கிறது. ஈரம் படாமல் பத்திரமாக இருக்கும்.

கணவர் முக்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப ஆங் மோ கியோலேருந்து இத நான் எதுக்குமா தூக்கிட்டு வந்தேன்?” என்றார். எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

கையில் பிடித்து அரை நிமிடம் அசையாமல் எடுக்க யாராலும் முடியாது. சுற்றிலும் பார்த்தேன். மளிகைக் கடை வாசலில் பருப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. மணல் பை, பயறுப் பை மேல் கேமராவை அமுக்கி வைத்து எடுப்பவர்கள் உண்டு என்று படித்தது ஞாபகம் வந்தது. கடைக்கார ஆன்ட்டியிடம் போய், ஒரு துவரம்பருப்பு மூட்டை கொஞ்ச நேரத்துக்கு வேண்டும் என்றேன்.

“சமைக்கவா, தலைக்கு வெச்சுப் படுக்கவா?” என்றார் அவர். விஷயத்தைச் சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார். “எடுத்துக்க லா. கிழிஞ்சா நீதான் வாங்கணும்,” என்றார், சிங்கப்பூருக்கே உரிய ‘லா’வைச் சேர்த்து.

இரண்டு குளிர்பானக் கூடைகளைக் கவிழ்த்து, மேலே பருப்பு மூட்டையை வைத்து, நடுவில் அமுக்கிக் குழியாக்கி கேமராவை உட்கார வைத்தோம். தொட்டில் கட்டிப் படுக்க வைத்த மாதிரி ஆடாமல் உட்கார்ந்துகொண்டது. வானம் நீலத்துக்கு வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களைக் கடந்து எத்தனையோ பேர் போனார்கள்.

திரையில் படம் வந்தது. சந்து காலி. நிஜமாகவே காலி. ஆனால் நட்டநடுவில், விளக்குகளுக்கு நேர் கீழே, நான்கு ஆண்கள் மட்டும் தோளில் கை போட்டுக்கொண்டு தெளிவாக நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் புகை மாதிரி ஏதோ ஒரு தீற்றல்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே ஒரு தடுப்புக் கம்பியில் செல்பேசியைச் சாய்த்து வைத்து, தாங்களாகவே படம் எடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள். நான்கு பேர் சிலை மாதிரி நிற்க, கட்டம்போட்ட சட்டை அணிந்த ஐந்தாவது ஆள் செல்பேசிக்கும் இவர்களுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார். டைமரை அழுத்துவார், ஓடி வருவார், அதற்குள் யாராவது குறுக்கே போய்விடுவார்கள். இல்லையென்றால் செல்பேசி சரிந்து விழும். மறுபடி ஓடுவார். என் படத்தில் இருந்த அந்தப் புகை அவர்தான்.

கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லலாம் என்று போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர்களில் இளையவர் முந்திக்கொண்டார். “அக்கா, கேமரா வச்சிருக்கீங்க. எங்கள ஒரே ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா? அண்ணன் இன்னிக்கு ஊருக்குப் போறாரு. திரும்பி வரமாட்டாரு.”

கட்டம்போட்ட சட்டைக்காரர்தான் அந்த அண்ணன். ஐந்து பேரும் ஊரிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள், ஒரே அறை. ஒருவருக்குப் பகல் வேலை என்றால் இன்னொருவருக்கு இரவு வேலை, ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவருக்கு ஓவர்டைம் வந்துவிடும். ஐந்து பேரும் சேர்ந்து வெளியே வந்ததே அபூர்வம். வந்தபோதெல்லாம், கை நீளம் என்பதால் செல்பேசியை நீட்டிப் பிடிப்பது அண்ணன்தான். அதனால் எல்லாப் படத்திலும் அவருக்குப் பாதி நெற்றியும் ஒரு காதும்தான் இருக்கும்.

“வீட்ல கேக்குறா அக்கா. இத்தன வருஷமா ரூம்காரங்க ரூம்காரங்கன்னு சொல்றீங்களே, எல்லாரும் ஒண்ணா இருக்க ஒரு படம் காட்டுங்கங்குறா. படத்துல அவங்கல்லாம் இருக்காங்க, நான்தான் இல்ல,” என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தப் புகை ஞாபகம் வந்தது. பல வருஷம் அவர் எடுத்த படங்களில் எப்படி இருந்தாரோ, என் கேமராவிலும் அதே கதிதான்.

எட்டு மணிக்கு விமான நிலையத்துக்கு வண்டி வருகிறதாம். அதைவிட அவசரமாக மேலே நீலம் கறுத்துக்கொண்டிருந்தது. சாதாரணமாக ஒரு படம் எடுத்துக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் முன்னால் பத்துத் தலை, பின்னால் இருபது முதுகு என்றுதான் விழும். என்னிடம் இருப்பதோ கூட்டத்தை மறைய வைக்கும் கண்ணாடி. “அரை நிமிஷம் அசையாம நிப்பீங்களா?” என்று கேட்டேன். நான்கு பேரும் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் தூக்கத்தில்கூட அசையாமல் இருந்ததில்லையாம்.

முதல் முறை பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் கழுத்து வரை அண்ணன், அதற்கு மேல் மேகம். அவர்களுக்கு அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு. நான் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறை அவர் ஒழுங்காக நின்றார். இப்போது ஊர்க்காரர்கள் கெடுத்தார்கள். நம் மக்களுக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. யாராவது படம் எடுத்தால் குறுக்கே போகாமல் மரியாதையாக நின்று வழி விடுவார்கள். ஒருவர் நிற்க, பின்னால் வந்தவரும் நிற்க, இரண்டு பக்கமும் கையில் பையோடு ஒரு கூட்டமே அசையாமல் நின்றுவிட்டது. போதாதற்கு, பருப்பு மூட்டை மேல் இருந்த கேமராவை வேடிக்கை பார்க்கவும் ஆள் சேர்ந்துவிட்டது. நடந்தால் மறைந்திருப்பார்கள். மரியாதைக்கு நின்றார்கள், அத்தனை பேரும் பதிந்துவிட்டார்கள். கல்யாண குரூப் போட்டோ மாதிரி ஆகிவிட்டது.

வானத்தில் மிச்சமிருந்தது ஒரு கீற்று நீலம். இன்னும் ஒரு முறைதான் எடுக்க முடியும். அப்போதுதான் என் கணவர் களத்தில் இறங்கினார். வேலையில்லாமல் கிடந்த முக்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு, சந்தின் நடுவில் போய் நின்று, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை ஆட்ட ஆரம்பித்தார். “நிக்காதீங்க, நடங்க. கேமராவப் பாக்காதீங்க, போய்க்கிட்டே இருங்க.” மறுபக்கம் மளிகைக் கடை ஆன்ட்டி கல்லாவை விட்டு இறங்கி வந்துவிட்டார். “ஏய், நின்னா படம் கெட்டுப் போயிடும் லா, நட நட,” என்று அவர் போட்ட சத்தத்தில் ஒரு சீனக் குடும்பமும் வேகமாக நடந்தது. படம் எடுக்கும்போது வழி விடாதீர்கள், குறுக்கே போங்கள் என்று மன்றாடியவர்களை அந்தத் தெரு அதுவரை பார்த்திருக்காது.

நடுவில் ஐந்து பேர். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அண்ணனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், ஓடிவிடாமல் இருக்க. பொத்தானை அழுத்தினேன். எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் மட்டும் நின்றார்கள். நிற்க நிற்க அண்ணனின் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. கண் நிறைந்து வழிந்தது. கையைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை, துடைக்கவும் முயலவில்லை. எனக்கும் பார்வை மங்கிவிட்டது. நல்லவேளை, கேமரா என் கையில் இல்லை, பருப்பு மேல் இருந்தது.

திரையில் படம் வந்தது. விளக்குகள், வண்ணச் சுவர்கள், வெளிச்சம் மின்னும் காலித் தெரு. அதில் ஐந்து பேர். ஐந்து பேரும் முழுதாக. அண்ணன் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கன்னத்தில் வழிந்ததெல்லாம் படத்தில் விழவில்லை. அசைந்தது அது மட்டும்தான். “நான்தானா?” என்று என்னைக் கேட்டார். நீங்கதான் என்றேன்.

அங்கேயே அவருடைய செல்பேசிக்கு அனுப்பினேன். அவர் உடனே வீட்டுக்கு அனுப்பினார். வண்டிக்காகச் சாலை ஓரத்துக்கு எல்லாரும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தபோதே மனைவியிடமிருந்து குரல் செய்தி வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டார். “நல்லாருக்கீங்க. அஞ்சு பேரும் நல்லாருக்கீங்க. ஆனா ஞாயித்துக்கெழமன்னா கால் வைக்க எடம் இருக்காதுன்னு இவ்வளவு நாளா கத விட்டீங்களே, அங்க ஒரு ஈ காக்காகூட இல்லையே?”

சாலை என்றும் பார்க்காமல் அத்தனை பேரும் சிரித்தோம். அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினார் அண்ணன். நால்வரும் வண்டி திரும்பும் வரை கையாட்டிக்கொண்டிருந்தார்கள், பிறகும் கொஞ்ச நேரம்.

மூட்டை கிழியவில்லை. ஆனாலும் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த பல வாரம் எங்கள் வீட்டில் சாம்பார்தான்.

இப்போதும் விடியற்காலையில் கிளம்பிப் போய்க் காட்சிகளைத்தான் எடுக்கிறேன். ஆனால் என் படத்துக்கு நடுவே யாராவது அசையாமல் நின்றுகொண்டிருந்தால், நகரச் சொல்வதற்கு முன்னால் அவர் யாருக்காக நிற்கிறார் என்று போய்க் கேட்டுவிடுகிறேன்.